ஒரு மாத்திரை

திரையில் விழுந்த கணக்கு
பதினோரு மணி நாற்பது நிமிடம்.
புதூர் சிட்கோவில் அப்போது இரவு ஏழரை.
விடிகாலை ஐந்துக்கு மாட்டுத்தாவணியில்
பூ வியாபாரிகள் சங்கத்துக்குத் திறப்பு விழா.
ஆறடித் தேக்குப் பலகை,
நூற்று நாற்பத்து மூன்று பெயர்.

சிக்கந்தர் பாய் போனில் கேட்டார்:
"ஸ்பீடைக் கூட்டினா ஆகாதா ரெஜினா?"
ஆகாது பாய்.
ஓடுவதில் இல்லை, திரும்புவதில் போகிறது நேரம்.
ழகரத்தின் ஒவ்வொரு வளைவிலும்
நின்று, யோசித்து, மறுபடி கிளம்புகிறது,
கோரிப்பாளையம் சிக்னலில் ஷேர் ஆட்டோ மாதிரி.

வி பிட்டுக்கென்று தனி ஆழம் கிடையாது.
எழுத்து எவ்வளவு அகலமோ அவ்வளவு இறங்கும்.
லட்சம் கொடுத்தவர்கள் மேல் வரிசையில்,
கொழுத்த எழுத்தில், பத்து மில்லிப் பள்ளமாக.
அதை ஊசிமுனையால் உழுவது
கரண்டியால் வைகையைத் தூர்வாருகிற கதை.
ஐந்து மில்லியில் தரை போட்டேன்.
எண்ட் மில் முன்னால் போய் நடுவை அள்ளட்டும்,
வி பிட் பின்னால் வந்து
ஓரமும் மூலையும் மட்டும் சீவட்டும்.
மூன்று மணி நேரம் கழிந்தது.

அப்புறம் புள்ளிகள்.
ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை, பாதி இமைப்பு
என்று பத்தாம் வகுப்பில் படித்திருக்கிறேன்.
என் மெஷினுக்கு ஒரு புள்ளி நாலு நொடி.
பதினைந்து மில்லி எழும்பி, நகர்ந்து, இறங்கி, குத்தி,
மறுபடி எழும்பி.
சங்கம் என்கிற சொல்லுக்கே இரண்டு தரம்.
இனிஷியலுக்கு வேறு ஒன்று.
எண்ணினேன், அறுநூற்றுப் பன்னிரண்டு.
எழும்புகிற உயரத்தை இரண்டு மில்லியாக்கினேன்
(கிளாம்ப் இடிக்காது, அளந்து பார்த்தாயிற்று).
ஒரு பெயரை வெட்டிவிட்டுப் பலகையின் மறுகோடிக்கு ஓடும்
சவடால் இனி வேண்டாம்,
பக்கத்து வீடு பக்கத்து வீடாகப் போ என்று
வரிசையையும் மாற்றினேன்.

கடைசியாகக் கணுக்கள்.
யாரோ அவசரத்தில் செய்த எழுத்துரு,
ஒரு ணகரத்துக்கு நானூறு கணு.
மிருதுவாக்கு என்றொரு பொத்தான்.
எவ்வளவு பிசகலாம் என்று கேட்டது.
புள்ளி ஐந்து மில்லி என்றேன்.

ஐந்து மணி இருபது நிமிடம்!
எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

இரண்டரைக்கு டெம்போவோடு வந்தார் செயலாளர் பரஞ்சோதி.
பலகையை அவிழ்த்து, தூசி ஊதி, சாய்த்து வைத்திருந்தேன்.
மேலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர்
கடைசி வரிசையில் நின்றார்.
"இது யாரும்மா, விரணன்?"

வீரணன். வாழைநார் சப்ளை. ஐந்நூறு ரூபாய்.
ஐந்நூறுக்கு ஒன்பது மில்லி எழுத்து.
அதில் வீயின் சுழி எத்தனை பெரிதாக இருந்துவிடும்,
மிருதுவாக்கியபோது விழுங்கப்பட்டிருந்தது.
நேரத்தைக் குறைக்கப் போய்
நெடிலைக் குறிலாக்கியிருக்கிறேன்.
மிச்சம் பிடித்த ஆறு மணி இருபது நிமிடத்தில்
எங்கோ கிடக்கிறது
அவருடைய ஒரு மாத்திரை.

"விடும்மா, அவருக்குப் படிக்கத் தெரியாது."

பலகையைத் திரும்ப மேஜையில் ஏற்றினேன்.
அவிழ்த்த பலகைக்குப் பழைய பூஜ்யம் கிடைக்காது,
மயிரிழை தள்ளினாலும் சுழி போய் ரகரத்தில் விழும்.
வரிசையின் இந்தக் கோடியில் ஒரு புள்ளி,
அந்தக் கோடியில் ஒரு புள்ளி.
முனையை இரண்டிலும் மாறி மாறி இறக்கி,
தட்டி நகர்த்தி,
டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடி தட்டி.
நேரம் தின்கிறதென்று நான் திட்டிய புள்ளிகள்தான்
இடம் காட்டின.
முப்பத்தைந்து நிமிடம்.
பரஞ்சோதி வாசலுக்கும் வாட்ச்சுக்குமாக நடந்தார்.

வேகத்தைப் பாதியாக்கி வெட்டினேன்.
பதினோரு நொடி.

டெம்போ போன பிறகு
அடுத்த ஆர்டரைத் திறந்தேன், பல் ஆஸ்பத்திரி போர்டு.
எவ்வளவு பிசகலாம் என்று திரை கேட்டது.
புள்ளிக்கும் ஐந்துக்கும் நடுவில்
ஒரு சுழி வைத்தேன்.